மீன்தலையும் ஆறு நாள்களும்

முதல் நாள், செவ்வாய்

திருச்சியில் ஏறிய விமானம் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிட்டது. அக்கா தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். திருமணமாகி இங்கே வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அத்தான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முந்தைய இரண்டு வருகைகளிலும் காட்ட வேண்டிய இடங்களையெல்லாம் இருவரும் காட்டி முடித்துவிட்டதால், இம்முறை பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிட்டேன்: பூங்காவும் வேண்டாம், தீவும் வேண்டாம், வெளியே சாப்பிட வேண்டும், சாப்பிட்டதில் ஒன்றையாவது அக்காவின் அடுப்படியில் நானே சமைத்துப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையல் பெரும்பாலும் என் பொறுப்பு என்பதால் வந்த துணிச்சல் இது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அத்தான் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனார். இங்கே வெறுமனே ‘காப்பி’ என்று கேட்டால் இனிப்பான டின் பால் ஊற்றிய காப்பி வரும். ‘ஓ’ என்று சேர்த்தால் பால் கிடையாது, சர்க்கரை மட்டும். ‘சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். ‘கோசோங்’ என்றால் சர்க்கரை அறவே இல்லை. ‘பெங்’ என்றால் ஐஸ். மலாயும், ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியும் கலந்த இந்த இலக்கணத்தைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு ‘காப்பி சி கோசோங்’ என்று நான் சொன்னபோது, கடைக்காரப் பெண்மணி அதை அப்படியே உள்ளே திருப்பிக் கத்தினார். தேர்வில் தேறிய மகிழ்ச்சி எனக்கு. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து, நீண்ட துணிப்பையில் வடிக்கிறார்கள். கும்பகோணத்துக் காப்பியை மனத்தில் வைத்துக்கொண்டு குடிப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இதை வேறொரு பானமாக எண்ணிக் குடித்தேன், பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள், புதன்

மதியம் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனோம். மீன்தலைக் கறிக்குப் பெயர்பெற்ற தெரு அது. 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974-இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் அங்கேதான் இருக்கின்றன. வாழையிலை விரித்து, சோறும் அப்பளமும் இரண்டு காய்களும் வைத்த பின்னர், சட்டி வந்தது. சட்டி என்று சொல்வதைவிட ஒரு சிறு தொட்டி என்று சொல்லலாம். சிவந்த குழம்புக்கு மேலே ஒரு முழுத் தலை, வாயைத் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் வெண்டைக்காய் முழுசு முழுசாக மிதந்தது.

எங்கள் ஊர்ச் சந்தையில் தலையை மட்டும் தனியாக விலை கேட்டால் மீன்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். தலை என்பது மீனோடு வருவது. குழம்புக்குச் சாரம் ஏற்றுவதற்காகக் கிடப்பது. இங்கே அது விருந்தின் நாயகன். கேரளத்திலிருந்து வந்து இங்கே உணவகம் வைத்த எம்.ஜே. கோமஸ் என்பவர்தான், 1949-ஆம் ஆண்டு வாக்கில், மீன்தலையைச் சீன வாடிக்கையாளர்கள் விரும்பி உண்பதைக் கவனித்து, அதைத் தம் ஊர்க் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அப்படியானால் குழம்பு நம்முடையது, தலை அவர்களுடையது. இரண்டும் சேர்ந்தது இந்த ஊரில்.

அத்தான் தலையை அணுகும் முறையைக் கவனித்தேன். முதலில் கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை மெல்ல அழுத்தி, உள்ளங்கையில் பாதியளவு இருக்கும் சதையை உடையாமல் எடுத்து என் இலையில் வைத்தார். பிறகு நெற்றிக்கு மேலே இருக்கும் சதை, பிறகு உதடு. உதட்டில் சதை என்று எதுவும் இல்லை. பாயா போல ஒட்டும் கொழகொழப்பு, குழம்பை இழுத்து வைத்துக்கொண்ட கொழகொழப்பு. கண்ணை அவர் தொடவில்லை, நானும் தொடவில்லை. குழம்பில் புளி தூக்கலாகவும் காரம் தணிவாகவும் இருந்தது. தேங்காய் இருந்தது, ஆனால் அரைத்த தேங்காயின் திப்பி இல்லை. வெந்தயம் பின்னால் நின்றது. இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ‘நாளை இதைச் சமைக்கிறேன்’ என்று அறிவித்தேன். அக்கா எதுவும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், வியாழன்

காலை ஏழு மணிக்கே தேக்கா சந்தை. மூங்கிலடி என்ற பொருள் தரும் ஹொக்கியன் பெயர்தான் தேக்கா என்று தமிழர் வாயிலும் நிலைத்துவிட்டது. பழைய மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவுக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1915-இல் வந்த பழைய சந்தையை இடித்துவிட்டுச் சாலைக்கு இந்தப் பக்கம் கட்டிய கட்டடம் 1982-இல் திறக்கப்பட்டது. கீழே ஒருபுறம் ஈரச்சந்தை, மறுபுறம் உணவங்காடி நிலையம், மேலே துணிக்கடைகள். ஈரச்சந்தை என்ற பெயருக்குத் தரையே சாட்சி. செருப்பு நனையாமல் ஒருவரும் வெளியே வர முடியாது.

சந்தையில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை கீரைக் கட்டுகள். கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே ரம்பை இலை, அதற்குப் பக்கத்தில் ‘செரை’ என்று மலாயில் சொல்லப்படும் எலுமிச்சைப்புல், பச்சை அரத்தை, முருங்கைக்கீரை, சீனக் கீரைகள் என்று அடுத்தடுத்து அடுக்கியிருந்தார்கள். உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் நாட்டில், எங்கள் ஊர் வாரச்சந்தையில் கிடைக்காத அளவுக்கு நேர்த்தியான முருங்கைக்காய் கிடைப்பதை அங்கேயே நின்று சற்று வியந்துவிட்டுத்தான் மீன் பகுதிக்குப் போனேன்.

மீன்கடைக்காரர் சீனர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “தலையா? பாதியா, முழுசா?” என்று தமிழில் கேட்டார். சங்கரா என்று நான் சொன்னதை அவர் ‘இக்கான் மேரா’ என்று திருத்தி, பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒன்றரைக் கிலோ எடையுள்ள தலையைத் தூக்கிக் காட்டினார். செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டிய பிறகே விலை சொன்னார். முழுத் தலைதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாதியாகப் பிளந்து வாங்குவதே வீட்டுச் சமையலுக்கு ஏற்றது என்பதை அவர் கையால் வெட்டிக் காட்டி விளக்கியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் வெளிப்பட்டது. அக்காவிடம் இருக்கும் எந்தப் பாத்திரத்திலும் அந்தத் தலை மல்லாந்து படுக்க மறுத்தது. இருப்பதிலேயே பெரிய குண்டானில் செங்குத்தாக நிறுத்தினால் வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது சிக்கல் நானே வரவழைத்தது. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிவதற்குள், பசி அவசரத்தில் தலையைப் போட்டுவிட்டேன். மேலே நின்ற பாதி வேகாதோ என்ற பயத்தில் கரண்டியை விட்டுப் புரட்டினேன், பிறகு மறுபடியும் புரட்டினேன். மூன்றாம் முறை புரட்டியபோது கன்னம் கழன்று வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக எல்லாமே கழன்றன. போதாததற்கு, எங்கள் வீட்டு வழக்கப்படி தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றியிருந்தேன். இறுதியில் கிடைத்தது முள்ளும் செதிலும் கலந்த ஒரு திருநெல்வேலி மீன்குழம்பு. மோசமில்லை, ஆனால் நேற்றுச் சாப்பிட்டதற்கும் அதற்கும் உறவு முறை சொல்ல முடியாது. அக்கா வடிகட்டியை எடுத்துத் தந்தாள். அப்போதும் எதுவும் சொல்லவில்லை.

இரவு உணவுக்கு அத்தான் கீழேயிருந்து லக்சா பொட்டலம் வாங்கி வந்தார். தேங்காய்ப் பாலில் மிதக்கும் தடித்த அரிசிச் சேமியா, இறால், சிப்பிச் சதை, மேலே பொடியாக நறுக்கிய லக்சா இலை. முதல் வாயிலேயே சொதி நினைவுக்கு வந்தது. திருநெல்வேலியில் திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கும் அந்தச் சொதிக்கும் இதற்கும் தேங்காய்ப் பாலைத் தவிரப் பொதுவானது ஒன்றுமில்லைதான். சொதியில் பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும், இதில் காய்ந்த இறாலும் பெலாச்சான் என்னும் புளிக்கவைத்த இறால் விழுதும் அரத்தையும். இருந்தாலும் கடைசிப் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று அறிந்த கை எதுவோ அந்தக் கைதான் இதையும் இறக்கியிருக்கிறது என்பது தெரிந்தது. தோல்வியடைந்த சமையல்காரனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

நான்காம் நாள், வெள்ளி

அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி கிடையாது. வீட்டுக்குள் மாடும் பன்றியும் எந்த நாளிலும் கிடையாது. சிராங்கூன் சாலைக்குப் போய், 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனுக்குப் போகலாமா என்றும் பேச்சு வந்தது. பசி இரண்டு இடங்களைத் தாங்காது. சாம்பாரும் கூட்டும் ஊரில் சாப்பிடுவது போலவே இருந்தன, அதனாலேயே எழுத அதிகமில்லை.

மாலையில் வேறொரு புதிய உணவகத்தில், பெயர் வேண்டாம், தமிழர் உணவைப் புதுமையாக வழங்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி உள்ளே போனோம். மதுக்கிண்ணத்தில் ரசம் வந்தது, மேலே ஒரு கறிவேப்பிலை. 14 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மிளகு எங்கே என்று தேடிக்கொண்டே குடித்து முடித்தேன்.

ஐந்தாம் நாள், சனி

தேக்கா உணவங்காடியில் இரண்டு பலகைகள் அடுத்தடுத்து இருந்தன: ‘இந்தியன் ரோஜாக்’, ‘இந்தியன் மீ கோரெங்’. இந்தியாவில் எந்த ஊரிலும் கிடைக்காத இந்திய உணவுகள் இவை. மஞ்சள் நிறச் சீன நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம் சமையல்காரர் மலாய்ப் பெயரிட்டு வதக்கித் தருகிறார். தக்காளியும் மிளகாய் விழுதும் சேர்ந்த சிவப்பு, உருளைக்கிழங்குத் துண்டு, முட்டை, ஆட்டுக்கறித் துணுக்கு, ஓரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளிச் சாஸும். ரோஜாக்கில் மரவள்ளி வடை, இறால் வடை, பொரித்த தோஃபு என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாமே பொறுக்கித் தட்டில் வைத்துக் கொடுக்க, அவற்றை மறுபடி எண்ணெயில் காட்டி நறுக்கி, இனிப்பும் காரமுமான ஒரு கெட்டிக் குழம்போடு தருகிறார்கள். பஜ்ஜியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவதற்கு இவ்வளவு சடங்கா என்று நினைத்துக்கொண்டே தொடங்கியவன், அந்தக் குழம்பை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

இங்கே ஒரு சிறு குற்றமும் செய்தேன். மேசையில் கிடந்த காகிதத் துவாலைப் பொட்டலத்தை யாரோ மறந்துவிட்டுப் போனதாக எண்ணி நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். அது இடம் பிடித்துவைத்ததற்கான அடையாளமாம். பேருந்தில் துண்டு போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புரியாமல் போனது வெட்கம்தான். சாப்பிட்டபின் தட்டை அப்படியே விட்டு எழுந்தபோது அத்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். ஆறு வெள்ளி மீ கோரெங்குக்கு அது கட்டுப்படியாகாது.

இரவு கம்போங் கிளாமில், 1908 முதல் நடக்கும் ஸம் ஸம் கடையில், முட்டையும் கொத்துக்கறியும் வைத்து மடித்துச் சுட்ட முர்தபா ரொட்டி ஒன்றை மூவரும் பகிர்ந்துகொண்டோம். மேல்மாடிச் சன்னலில் சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் தெரிந்தது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் உணவங்காடிக்கு அத்தான் இழுத்துப் போனதுதான் நாளின் உச்சம்: சுப் துலாங். ஆட்டு நல்லியெலும்புகளைச் சிவந்த குழம்பில் ஊறவைத்து ஒரு தட்டில் குவித்துத் தருகிறார்கள். அந்தச் சிவப்பு உதட்டிலும் நகக்கண்ணிலும் மறுநாள்வரை இருக்கும். முதலில் எலும்பைத் தட்டில் குத்திப் பார்க்க வேண்டும். மஜ்ஜை வராவிட்டால் உறிஞ்சுகுழலை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். அத்தான் ஒரே இழுப்பில் முடித்தார். எனக்குக் குழல் அடைத்துக்கொண்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் மஜ்ஜை வந்த வேகத்தில் இருமல் வந்து, என் வெள்ளைச் சட்டைக்கு விடைகொடுத்தேன். இதுவும் இங்குள்ள தமிழ் முஸ்லிம் கடைகளில் பிறந்த உணவுதான். ஊரில் நல்லி கிடைத்தால் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதையே ஒரு முழு உணவாக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

நள்ளிரவில் வீடு திரும்பும்போது, இந்த ஐந்து நாள்களில் எனக்கு மிகவும் பிடித்தவை எல்லாமே பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காக மாற்றிச் சமைக்கப்பட்டவை என்று அத்தானிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்ப நீ வியாழக்கிழம யாருக்குச் சமச்ச?” என்று கேட்டார்.

ஆறாம் நாள், ஞாயிறு

யாருக்கு என்ற அந்தக் கேள்விக்கு அக்கா காலையிலேயே விடை ஏற்பாடு செய்துவிட்டாள். பக்கத்து வீட்டு மக்சிக்கையும் (மலாய்க்காரப் பெரியம்மாவை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்), எதிர் வீட்டில் தனியாக இருக்கும், டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற சீன அங்கிளையும் மதியம் சாப்பிட அழைத்துவிட்டு, “இப்பப் போயி தலைய வாங்கிட்டு வா” என்றாள். விடுமுறை நாளாதலால் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் வந்துவிட்டேன். மீன்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கத்தியை ஓங்கிக்கொண்டு கேள்வியாகப் பார்த்தார். முழுசு என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

மக்சிக் வியாழக்கிழமை வாசனையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்கிறார். பத்து மணிக்கு அவர் தம்முடைய பெரிய குவாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாணலி போன்ற, அகன்று தாழ்ந்த பாத்திரம். தலை அதில் தொட்டிலில் படுப்பது போலப் படுத்தது. இதில் இன்னொரு வசதியும் இருந்தது. ஹலால் பேணும் அவர் எங்கள் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடத் தயங்கக்கூடும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். தம் பாத்திரத்தையே கொண்டுவந்து, ஒரு சொல்லும் பேசாமல், அந்தத் தயக்கத்தை இரு பக்கமும் நீக்கிவிட்டார். கூடவே ஒரு சிறு டப்பாவில் அஸ்ஸாம் கெப்பிங் என்னும் காய்ந்த புளிப்புச் சீவல்கள். மலையாளிகள் மீனுக்குப் போடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது.

தலைக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கொதிநீர் ஊற்றி, மிச்சச் செதிலைச் சுரண்டிக் கழுவினேன். வெந்தயம், கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, முடிச்சுப் போட்ட ரம்பை இலை ஆகியவற்றைத் தாளித்து, மீன் மசாலாவை நீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுத்தேன். பிறகு புளிக்கரைசல், இரண்டு சீவல் அஸ்ஸாம், தக்காளி. அது கொதித்து வாசம் மாறிய பிறகே தலையும், சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப் பாலும், கடைசியில் வெண்டைக்காயும். கை தானாகக் கரண்டியைத் தேடியது. “ஜங்ஙான் கச்சாவ்!” என்று மக்சிக் அதட்டினார். ‘கச்சாவ்’ என்ற மலாய்ச் சொல்லுக்குக் கிளறுதல், தொந்தரவு செய்தல் என்று இரு பொருள்களும் உண்டு என்று அக்கா சிரித்துக்கொண்டே விளக்கினாள். கிளறாதே என்றாரா, தொல்லை பண்ணாதே என்றாரா என்பதை நான் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. குவாலியின் இரு காதுகளையும் துணியால் பிடித்து லேசாக ஆட்டுவது, கரண்டியால் குழம்பை அள்ளித் தலைக்கு மேல் ஊற்றுவது, இவ்வளவுதான் செய்ய அனுமதி கிடைத்தது. மூடி போட்டுப் பன்னிரண்டு நிமிடம்.

ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தலை முழுதாக இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலைச் சுவை இல்லை. அதைவிடப் புளிப்பு ஆழமாகவும் ரம்பையின் மணம் கூடுதலாகவும் இருந்தது. மக்சிக் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அத்தான் வழக்கம்போலக் கன்னத்துக்குக் கரண்டியை நீட்டியபோது, அதுவரை பேசாமல் இருந்த அங்கிள் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, தம் கரண்டியின் நுனியைக் கண்குழிக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். சுற்றியிருந்த கொழுப்போடு முழுதாக வெளியே வந்த கண்ணை என் தட்டில், சோற்றின் உச்சியில் வைத்தார். விருந்தாளிக்கு, சமைத்தவனுக்கு என்று தம்மிடமிருந்த மலாயில் சொன்னார். அக்கா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மேசையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக்கொண்டேன். முதலில் கொழுப்பு கரைந்தது, பிறகு மிளகளவு ஒரு வெள்ளை உருண்டை பல்லுக்கடியில் சுண்ணாம்புபோல மாவாகியது.

தலையைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, மறு கண்ணை அவர் எடுத்துக்கொண்டார்.